நிலம் பாலைவனத்தில், வாக்கு நகர விளிம்பில்: டெக்சாஸ் 23ஆம் தொகுதி

டெக்சாஸ் வரைபடத்தில் சான் அன்டோனியோ நகரின் ஓரத்தில் விரலை வைத்து மேற்கே நகர்த்திக்கொண்டே போனால், எல் பாசோ நகரின் ஓரம் வரும்வரை விரல் பெரும்பாலும் ஒரே காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதிக்குள்தான் இருக்கும். தெற்கே ரியோ கிராண்டே ஆறு, அதைத் தாண்டினால் மெக்சிகோ. வடக்கே எண்ணெய் வயல்கள். நடுவில் மலை, கால்நடைப் பண்ணை, முட்புதர், அப்புறம் மறுபடியும் முட்புதர். இவ்வளவுக்கும் சேர்த்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒரு உறுப்பினர். டெக்சாஸ் 23ஆம் தொகுதி என்பது இதுதான்.

2010களில் இருந்த எல்லைக்கோட்டின்படி 29 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் போன்றவை), சுமார் 1,50,000 சதுர கிலோமீட்டர். நியூயார்க் மாநிலத்தைவிடப் பெரிது. மெக்சிகோவோடு இருக்கும் எல்லை மட்டும் 1,300 கிலோமீட்டர், அதாவது மொத்த அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் 40 சதவீதம். சான் அன்டோனியோவிலிருந்து எல் பாசோவுக்கு ஐ-10 நெடுஞ்சாலையில் 885 கிலோமீட்டர். மேற்குக் கோடியில் ஹட்ஸ்பெத் கவுண்டிக்குள் நுழைந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும், ஏனென்றால் தொகுதி இரண்டு நேர மண்டலங்களில் கிடக்கிறது.

ஆனால் தொகுதியை நிலத்தை வைத்துப் பிரிப்பதில்லை, தலையை எண்ணித்தான் பிரிக்கிறார்கள். 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு டெக்சாஸுக்கு 38 தொகுதிகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 7,67,000 பேர் இருந்தாக வேண்டும். பாலைவனத்தை எவ்வளவு சேர்த்தாலும் அந்த எண் வராது. டெக்சாஸிலேயே பெரிய கவுண்டி புரூஸ்டர், 16,000 சதுர கிலோமீட்டர், அதில் வாழ்பவர்கள் 9,500 பேர். ஜெஃப் டேவிஸ் கவுண்டியில் 2,000 பேர்கூட இல்லை. டெரல் கவுண்டியில் 760. லவிங் கவுண்டிக்கு வந்தால் 2020 கணக்கெடுப்பில் 64 பேர், அவ்வளவுதான். அங்கே வாக்காளர் பட்டியலில் மக்கள்தொகையைவிட அதிகப் பெயர்கள் இருப்பது பல வருடமாக ஓடும் சண்டை.

ஆக, பாலைவனத்தை முழுக்க அள்ளிப் போட்ட பிறகும் சில லட்சம் பேர் குறைகிறார்கள். அந்த இடத்தை எந்த நகரத்தின் எந்த ஓரத்தை வைத்து, எந்த எல்லை ஊரை வைத்து நிரப்புவது? இந்தத் தொகுதியின் அரசியல் முக்கால்வாசி இந்த ஒரு கேள்விதான். பாலைவனத்தில் இருப்பவர்களிடம் இதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

இந்த நிலத்தை வெறும் மணல்வெளி என்று நினைத்துவிடக் கூடாது. சான் அன்டோனியோவில் வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மேற்கே போகப் போகக் குறைந்துகொண்டே வந்து, பீக்கோஸ் ஆற்றைத் தாண்டியதும் பல இடங்களில் 250 மில்லிமீட்டர் வந்தாலே பெரிய விஷயம். அங்கிருந்து மெக்சிகோவுக்குள் ஆழமாகப் போவதுதான் சிவாவா பாலைவனம், வட அமெரிக்காவிலேயே பெரியது என்று பொதுவாகச் சொல்லப்படுவது. மெக்சிகோவின் இரண்டு பெரிய மலைத்தொடர்கள் இரு பக்கமும் நின்று கடல் ஈரத்தைத் தடுத்துவிடுவதால் வந்த வறட்சி. நடுநடுவே மலைகளும் உண்டு. டெக்சாஸின் மிக உயரமான குவாடலூப் சிகரம், 2,667 மீட்டர், இங்கேதான் இருக்கிறது. மெக்டொனால்டு வானாய்வகத்தை ஃபோர்ட் டேவிஸ் பக்கத்து மலையில் வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. சுற்றிலும் ஊர் இல்லை, விளக்கு இல்லை, மேகம் குறைவு.

ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் பெரும்பாலும் ரயில்பாதை ஓரமாக வரிசையாக இருக்கும். 1880களின் தொடக்கத்தில் சதர்ன் பசிஃபிக் ரயில்பாதை வந்தது. நீராவி இன்ஜினுக்குக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை தண்ணீர் பிடிக்க வேண்டும், அங்கங்கே நிறுத்தம், நிறுத்தத்தைச் சுற்றி ஊர். ஆல்பைன், மார்ஃபா, சாண்டர்சன் எல்லாம் இப்படி வந்தவைதான். இன்ஜின் டீசலுக்கு மாறியதும் அந்தக் காரணம் போய்விட்டது, ஊர்கள் மட்டும் நிற்கின்றன. இப்போது அந்தப் பாதையில் பயணிகள் ரயில் வாரத்துக்கு மூன்று நாள். எல்லையோர ஊரான பிரெசிடியோவில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள், மருத்துவமனை கிடையாது. பக்கத்து மருத்துவமனை ஆல்பைனில், ஏறக்குறைய 140 கிலோமீட்டர். இப்படிப்பட்ட ஊருக்கு வாஷிங்டன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பெரிய கொள்கைச் சண்டை இல்லை. கிராம மருத்துவமனைக்கான பணம், தபால் நிலையம், எல்லைப் பாலம், இணைய இணைப்பு இவைதான்.

தண்ணீர்க் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மேற்கு டெக்சாஸில் யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பது அதில் நன்றாகத் தெரியும். ஃபோர்ட் ஸ்டாக்டன் ஊரில் கொமான்சி ஊற்றுகள் என்று ஒரு பெரிய ஊற்றுத் தொகுதி இருந்தது. பூர்வகுடிகள், படைவீரர்கள், வண்டிக்காரர்கள் எல்லாரும் அதை நம்பித்தான் அந்த வழியில் போனார்கள். பிறகு வாய்க்கால் வெட்டி ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் நடந்தது. 1950களில் ஊருக்கு மேற்கே சில பெரிய பண்ணைக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டு சக்தி வாய்ந்த பம்புகளை ஓட்டத் தொடங்கியதும் ஊற்றின் ஓட்டம் விழ ஆரம்பித்தது. கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 1954இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பண்ணைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது: தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரின் ஊற்று வற்றினால் அது அவர் தலையெழுத்து. 1904இல் ஒரு ரயில்வே கம்பெனி தோண்டிய கிணறு பற்றிய வழக்கிலிருந்து வந்த சட்டம் இது. 1960களின் தொடக்கத்தில் ஊற்று நின்றே போனது; ஊற்றை நம்பியிருந்த விவசாயக் குடும்பங்களும் கலைந்தன.

அந்த வழக்கில் ஜெயித்தவர்களில் ஒருவர் கிளேட்டன் வில்லியம்ஸ். அவர் மகன், அதே பெயர், எண்ணெயில் பெரும் பணக்காரராகி 1990இல் குடியரசுக் கட்சி சார்பில் ஆளுநர் தேர்தலில் நின்று ஆன் ரிச்சர்ட்ஸிடம் தோற்றார். அந்தக் குடும்பம் பிறகு அதே நிலத்தடி நீரைக் குழாய் வழியாக வடக்கே நகரங்களுக்கு விற்க முயன்று, உள்ளூர் நிலத்தடி நீர் வாரியத்தோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியது. காங்கிரஸ் உறுப்பினர் யாராக இருந்தாலும் இதில் செய்ய முடிந்தது ரொம்பக் குறைவு. நிலத்தடி நீர் மாநிலச் சட்டத்தின் கீழ் வருகிறது.

ஆற்று நீர் கதை வேறு, அது முழுக்க வாஷிங்டன் விஷயம். ரியோ கிராண்டேயை நியூ மெக்சிகோவில் 1916இல் கட்டி முடித்த எலிஃபண்ட் பியூட் அணையில் பிடித்து, வழியிலுள்ள வயல்களுக்கும் எல் பாசோவுக்கும் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகருக்கும் பங்கு போட்ட பிறகு எல் பாசோவுக்குக் கீழே ஆற்றில் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. பிரெசிடியோ ஊருக்கு எதிரே மெக்சிகோவிலிருந்து கொஞ்சோஸ் ஆறு வந்து சேரும்போதுதான் ஆறு மறுபடி ஆறாகிறது. அதற்குக் கீழே இருக்கும் பிக் பெண்ட் தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்குகளில் சுற்றுலாப் பயணிகள் படகு விடுவது பெருமளவு மெக்சிகோ தண்ணீரில். 1944 ஒப்பந்தப்படி மெக்சிகோ தன் 6 துணையாறுகளின் நீரில் ஒரு பங்கை, ஐந்து வருடச் சுழற்சியில் சராசரியாக வருடத்துக்கு 3,50,000 ஏக்கர்-அடிக்கு (ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஒரு ஏக்கர்-அடி) குறையாமல், அமெரிக்காவுக்குத் தர வேண்டும். டெல் ரியோ பக்கத்தில் 1969இல் திறந்த அமிஸ்டாட் அணை இந்த நீரைத் தேக்கி வைக்கத்தான். 2025 அக்டோபரில் முடிந்த சுழற்சியில் மெக்சிகோ பெரிய பாக்கி வைத்தது. சிவாவா மாநிலத்து விவசாயிகளும் வறட்சியில்தான் இருந்தார்கள் என்பதை டெக்சாஸ் அரசியல்வாதிகள் மேடையில் சொல்வதில்லை.

சரி, நிலம் யாருடையது? இங்கே டெக்சாஸ் மற்ற அமெரிக்கப் பாலைவனங்களிலிருந்து முற்றிலும் வேறுபடுகிறது. நெவாடாவை எடுத்தால் ஏறக்குறைய 80 சதவீத நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். அங்கே கிராமப்புற அரசியல் என்றாலே மேய்ச்சல் அனுமதி, சுரங்க அனுமதி, நில நிர்வாகத் துறையோடு சண்டை. டெக்சாஸ் 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்தபோது தன் பொது நிலத்தைத் தானே வைத்துக்கொண்டது, பிறகு விற்றது, ரயில்வேக்கும் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொடுத்தது. இன்று மாநிலத்தில் 95 சதவீதம் தனியார் நிலம். 1944இல் தொடங்கிய பிக் பெண்ட் பூங்காவே மாநில அரசு பண்ணைக்காரர்களிடமிருந்து விலைக்கு வாங்கி மத்திய அரசுக்குக் கொடுத்த நிலத்தில்தான் இருக்கிறது.

இதன் விளைவு எல்லைச் சுவர் விவகாரத்தில் தெரியும். ஆற்றோரத்தில் சுவர் கட்ட வேண்டுமென்றால் மத்திய அரசு தனியார் பண்ணையைக் கையகப்படுத்த வேண்டும். குடியரசுக் கட்சிக்கே தலைமுறை தலைமுறையாக வாக்களிக்கும் பண்ணைக்காரர், எல்லைக் காவல் படைக்குத் தன் வாயிற்கதவுச் சாவியைக் கொடுத்து வைத்திருப்பவர்கூட, தன் மாடுகள் ஆற்றுக்குப் போகும் வழியை அரசு அடைக்க வருகிறது என்றால் வக்கீலைத் தேடுவார். வெளியூரில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது முரண்பாடாகத் தெரியலாம், அங்கே இருப்பவர்களுக்குச் சொத்துரிமை ஒன்றுதான், யார் கை வைத்தாலும். அதோடு பிக் பெண்ட் பகுதியில் ஆற்றின் இரு பக்கமும் நூற்றுக்கணக்கான மீட்டர் செங்குத்துப் பாறை. அங்கே சுவர் எதற்கு என்று பண்ணைக்காரர், சுற்றுலா வழிகாட்டி, இயற்கை ஆர்வலர் மூவரும் ஒரே குரலில் கேட்பார்கள். மூவரும் ஒத்துப்போகும் விஷயம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஏனென்றால் இந்தப் பாலைவனம் ஒரே ஒரு சமூகம் இல்லை. வடக்கே ரீவ்ஸ், லவிங், வார்டு கவுண்டிகள் பெர்மியன் படுகையின் பாகம். 1923இல் சான்டா ரீட்டா என்ற கிணற்றில் எண்ணெய் பீறிட்ட நாளிலிருந்து மேற்கு டெக்சாஸின் வானிலை எண்ணெய் விலைதான். பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை வந்த பிறகு பீக்கோஸ் ஊரைச் சுற்றித் தொழிலாளர் முகாம்கள், லாரி நெரிசல், வாடகை ஏற்றம், விபத்துகள். அங்கிருந்து இரண்டு மணி நேரம் தெற்கே போனால் மார்ஃபா, சிற்பி டொனால்ட் ஜட் 1970களில் வந்து குடியேறியதிலிருந்து கலைக்கூடமும் விலை ஏறிய மண் வீடுகளுமாக மாறிவிட்ட ஊர். ஆற்றோரம் போனால் டெல் ரியோ, ஈகிள் பாஸ். பெரும்பான்மை மெக்சிகோ வம்சாவளியினர், பாலத்துக்கு இரு பக்கமும் உறவினர்கள், வீட்டில் ஒருவராவது எல்லைக் காவலிலோ சுங்கத்திலோ லாஃப்லின் விமானப்படைத் தளத்திலோ வேலை. இன்னும் கிழக்கே கிரிஸ்டல் சிட்டி, கீரை விளையும் ஊர். 1969இல் அங்கே மெக்சிக-அமெரிக்க மாணவர்கள் பள்ளியைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். அதிலிருந்து ஹோசே ஆங்கெல் குட்டியெரெஸ் முன்னின்று லா ராஸா உனிடா என்ற தனிக் கட்சியே பிறந்தது, உள்ளூர் ஆட்சியையும் பிடித்தது. இவர்கள் எல்லாரையும் ஒரே தொகுதியில் போட்டு ஒருவரை அனுப்பு என்றால் யார் போவார்?

பெரும்பாலும் சான் அன்டோனியோக்காரர் போவார். வாக்குகளின் பெரும் பங்கு சான் அன்டோனியோ இருக்கும் பேஹார் கவுண்டியில்தான் விழுகிறது. 1992இல் குடியரசுக் கட்சியின் ஹென்றி போனியா ஜெயித்ததிலிருந்து பார்த்தால், 2024 வரை இந்தத் தொகுதியிலிருந்து போனவர்களில் உண்மையான பாலைவனத்துக்காரர் ஒருவர்தான்: ஆல்பைன் ஊர் பீட் கயேகோ. ஒரே ஒரு பதவிக்காலம் இருந்தார், இரண்டு வருடம். மற்றவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பது வேறு, ஆனால் தொகுதியின் பரப்புக்கும் பிரதிநிதியின் முகவரிக்கும் இருக்கும் இந்த இடைவெளியை யாரும் ஒளிக்க முடியாது.

இப்போது கோடு போட்ட கதைக்கு வருவோம். 2002இல் போனியாவுக்கு ஆபத்து வந்தது. ஜனநாயகக் கட்சியின் லரேடோ ஊர்க்காரர் ஹென்றி குவேயர் அவரைத் தோற்கடிக்கும் அளவுக்கு நெருங்கி, சுமார் 6,500 வாக்கில் தவறவிட்டார். தொகுதியின் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) வாக்காளர்கள் போனியாவை விட்டு விலகுவது தெளிவாகத் தெரிந்தது. அடுத்த வருடமே, பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட நடு வருடத்தில், வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மைத் தலைவராக இருந்த டாம் டிலேயின் தூண்டுதலில் டெக்சாஸ் சட்டமன்றம் வரைபடத்தைத் திரும்ப வரையத் தொடங்கியது. கோரம் (சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் செய்ய ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் பேருந்து பிடித்து ஓக்லஹோமாவுக்கே ஓடிப்போனார்கள், பிறகு மேலவைக்காரர்கள் நியூ மெக்சிகோவுக்கு. பலன் இல்லை. லரேடோ இருக்கும் வெப் கவுண்டியை இரண்டாக வெட்டி ஏறக்குறைய ஒரு லட்சம் லத்தீனோக்களை 23ஆம் தொகுதியிலிருந்து வெளியே தள்ளி, அதற்குப் பதில் வடக்கே மலைப்பாங்கான பகுதியின் வெள்ளையரை உள்ளே இழுத்தார்கள். ஆஸ்டினிலிருந்து எல்லைவரை நீளும் ஒரு ஒல்லியான தொகுதியை வேறு உருவாக்கி, லத்தீனோக்களுக்கு இதோ இன்னொன்று என்றார்கள்.

2006 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பில், 23ஆம் தொகுதியைப் பொறுத்தவரை இது இனச் சிறுபான்மையினரின் வாக்கைக் காக்கும் வாக்குரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவுக்கு எதிரானது என்றது. லத்தீனோக்கள் தங்கள் விருப்ப வேட்பாளரை ஜெயிக்க வைக்கப் போகும் நேரத்தில், ஜெயிக்கப் போகிறார்கள் என்பதற்காகவே அந்த வாய்ப்பைப் பறித்திருக்கிறார்கள் என்பது தீர்ப்பின் சாரம். தூரத்து ஒல்லித் தொகுதி அதற்கு ஈடாகாது. அதே தீர்ப்பு நடு வருடத்தில் வரைபடத்தை மாற்றுவது பொதுவாகத் தப்பில்லை என்றும் சொன்னது. அந்த இரண்டாவது பாதியின் விலை 2025இல் தெரிந்தது. அப்போதைக்குக் கீழ் நீதிமன்றம் புதுக் கோடு போட்டது, 2006 டிசம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் ஜனநாயகக் கட்சியின் சிரோ ரோட்ரிகஸ் போனியாவைத் தோற்கடித்தார்.

அதற்குப் பிறகு இந்தத் தொகுதி ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 2010இல் ரோட்ரிகஸ் தோற்றார், குடியரசுக் கட்சியின் கான்செகோ வந்தார். 2012இல் கான்செகோ தோற்றார், ஜனநாயகக் கட்சியின் கயேகோ வந்தார். 2014இல் கயேகோ தோற்றார், வில் ஹர்ட் வந்தார்.

நடுவில் 2011 வரைபடம். அந்த வரைபடம் ஒரு தேர்தலுக்குக்கூடப் பயன்படவில்லை, ஆனால் நீதிமன்றத்தில் வெளிவந்த மின்னஞ்சல்கள்தான் இந்தத் தொகுதியைப் புரிந்துகொள்ள எல்லாவற்றிலும் உதவியானவை. சட்டப்படி லத்தீனோ பெரும்பான்மையைக் குறைக்க முடியாது. சரி, குறைக்க வேண்டாம். எண்ணிக்கை அப்படியே இருக்கட்டும், ஆனால் வாக்களிக்க வரும் லத்தீனோக்களுக்குப் பதிலாக வாக்களிக்க வராத லத்தீனோக்களைப் போட்டுவிடலாமே! குடியரசுக் கட்சிப் பக்கத்து வழக்கறிஞர் ஒருவர் எழுதிய மின்னஞ்சலின் யோசனை இதுதான்: ஸ்பானியக் குடும்பப்பெயர் அதிகம் உள்ள, ஆனால் வாக்குப்பதிவு குறைவான வாக்குச்சாவடிகளைத் தேடிப்பிடித்து உள்ளே கொண்டுவருவது. காகிதத்தில் லத்தீனோ தொகுதி, தேர்தல் நாளில் வேறு தொகுதி. 2017இல் சான் அன்டோனியோவில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, இருவர் ஒருவர் என்ற கணக்கில், 2011 வரைபடத்தின் 23ஆம் தொகுதி சட்டவிரோதம் என்றது. அதற்குள் நீதிமன்றம் வரைந்த இடைக்கால வரைபடத்தின் அடிப்படையில் 2013இல் சட்டமன்றம் நிரந்தரமாக்கிய கோடுகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 2018இல் உச்ச நீதிமன்றம் அவற்றைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டது. இதில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், மாநிலம்தான். பத்து வருடக் கோட்டை ஏழெட்டு வருடம் வழக்காட வைத்தாலே பாதி வெற்றி.

அந்த 2013 கோட்டுக்குள்தான் வில் ஹர்ட் மூன்று முறை ஜெயித்தார். சான் அன்டோனியோவில் பிறந்தவர், சி.ஐ.ஏ.வில் இருந்தவர், கறுப்பினத்தவர், குடியரசுக் கட்சி. தொகுதியோ லத்தீனோ பெரும்பான்மை. எந்தக் கணக்கிலும் வராத மனிதர். 2014இல் 2,422 வாக்கு, 2016இல் சுமார் 3,000, 2018இல் இரண்டு லட்சத்துச் சொச்சம் வாக்குகளில் வெறும் 926. 2016இல் அதே தொகுதியில் ஹிலாரி கிளின்டன் டிரம்பை முந்தினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எப்படி ஜெயித்தார்? காரணம் நிறைய இருந்தாலும் ஒன்று மிக எளிமையானது, அவர் வண்டியோட்டினார். டெய்ரி குயின் கடை இல்லாத டெக்சாஸ் சிற்றூர் அரிது என்பதால் வாஷிங்டனிலிருந்து டெய்ரி குயினுக்கு என்று பெயர் வைத்து, ஒவ்வொரு கோடைவிடுமுறையிலும் அந்த ஐஸ்கிரீம் கடைகளிலேயே கூட்டம் போட்டார். 2017 மார்ச்சில் பனிப்புயலில் விமானம் இல்லாமல்போக, எல் பாசோவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பீட்டோ ஓரூர்க்கோடு ஒரே காரில் சான் அன்டோனியோவிலிருந்து வாஷிங்டன் வரை பேசிக்கொண்டே நேரலையில் போனது நாடு முழுக்கப் பேசப்பட்டது. எல்லைச் சுவர்தான் எல்லாவற்றிலும் செலவு அதிகம், பலன் குறைவு என்று தன் கட்சி அதிபருக்கு எதிராகவே சொன்னார். 2019இல் மெக்சிகோ எல்லையை ஒட்டிய தொகுதிகளில் குடியரசுக் கட்சிக்கு மிஞ்சியிருந்த ஒரே உறுப்பினர் அவர்தான். அடுத்த தேர்தலில் நிற்கவில்லை.

2020இல் இது ஜனநாயகக் கட்சிக்குத்தான் என்று எல்லாரும் எழுதினார்கள். கடற்படையில் இருந்த டோனி கொன்சாலஸ் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல் இரண்டாம் சுற்றில் 45 வாக்கில் தப்பி, நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஜினா ஓர்டிஸ் ஜோன்ஸை நான்கு சதவீதத்தில் தோற்கடித்தார். டிரம்பும் தொகுதியில் முந்தினார். 2021இல் சட்டமன்றம் மறுபடி கோடு போட்டபோது ஊஞ்சலைக் கட்டியே வைத்துவிட்டது: புது எல்லைக்குள் 2020 முடிவைக் கணக்கிட்டால் டிரம்புக்கு ஏழு சதவீத முன்னிலை. 2022 நவம்பரில் கொன்சாலஸுக்குப் பெரிய சிரமமே இல்லை.

ஒரு தொகுதி பாதுகாப்பானதாகிவிட்டால் நிஜமான தேர்தல் நவம்பரிலிருந்து உட்கட்சிக்கு நகர்ந்துவிடும். இதை இந்தத் தொகுதி கசப்பான வழியில் பார்த்தது. 2022 மே 24 அன்று யுவால்டி ஊரின் ராப் தொடக்கப் பள்ளியில் ஒரு இளைஞன் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியர்களையும் சுட்டுக் கொன்றான். யுவால்டி இந்தத் தொகுதிக்குள் இருக்கிறது. அடுத்த மாதம் இரு கட்சி ஆதரவோடு வந்த துப்பாக்கிச் சட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சியினரில் 14 பேர்தான் ஆதரவாக வாக்களித்தார்கள், கொன்சாலஸ் அதில் ஒருவர். தன் தொகுதியில் 21 பேர் செத்திருக்கும்போது ஒரு மிதமான சட்டத்துக்குக் கை தூக்கியதற்காக, வேறு சில வாக்குகளையும் சேர்த்து, 2023 மார்ச்சில் மாநிலக் கட்சி அவர்மேல் கண்டனத் தீர்மானம் போட்டது. 2024இல் எதிரே வந்தவர் துப்பாக்கி வீடியோ போட்டுப் புகழ்பெற்ற யூடியூபர் பிராண்டன் ஹெரேரா. இரண்டாம் சுற்றில் வாக்களித்தவர்கள் சுமார் 30,000 பேர். கொன்சாலஸ் ஏறக்குறைய 400 வாக்கில் தப்பினார். 7,67,000 பேருக்கான இடத்தை முடிவு செய்தது அந்த 30,000 பேர்; நவம்பரில் அவருக்கு 62 சதவீதம் கிடைத்தது.

அந்த 62ஐக் கோடு மட்டும் கொடுக்கவில்லை. ஈகிள் பாஸ் இருக்கும் மேவரிக் கவுண்டி 2016இல் கிளின்டனுக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு போட்ட இடம். 2024இல் டிரம்ப் அங்கே சுமார் 59 சதவீதம் வாங்கினார். 2021 செப்டம்பரில் டெல் ரியோ பாலத்தடியில் சுமார் 15,000 பேர், பெரும்பாலும் ஹெய்ட்டிக்காரர்கள், வந்து தங்கியதும், 2023இல் ஆளுநர் ஆபட் ஆற்றில் மிதவைத் தடுப்பு போட்டதும், 2024 ஜனவரியில் மாநிலப் படை ஈகிள் பாஸின் ஷெல்பி பூங்காவைக் கைப்பற்றி மத்திய எல்லைக் காவல் படையையே உள்ளே விட மறுத்ததும் இங்கேதான் நடந்தன. ஆனால் எல்லைக் குழப்பம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். புலம்பெயர்ந்தோர் கூட்டத்தைப் பார்க்காத தெற்கு டெக்சாஸ் ஊர்களிலும் இதே திசையில் வாக்கு நகர்ந்தது. விலைவாசி, எண்ணெய் வேலை, சீருடை வேலை, தேவாலயம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஈகிள் பாஸ்காரர்களில் பலருக்குத் தங்கள் பூங்காவை முள்கம்பி போட்டு மூடியதும் பிடிக்கவில்லை, வாஷிங்டன் கண்ணை மூடிக்கொண்டதும் பிடிக்கவில்லை.

இந்த மாற்றம் பழைய வழக்குகளின் அடித்தளத்தையே அசைக்கிறது. 2006 தீர்ப்பு நின்றது லத்தீனோக்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் வாக்களிக்கிறார்கள், வெள்ளையர் எதிர்ப்பக்கம் என்ற ஆதாரத்தின்மேல். லத்தீனோ வாக்கு பாதிப் பாதியாகப் பிரிந்துவிட்டால் எந்த வேட்பாளரை அவர்களின் விருப்ப வேட்பாளர் என்று நீதிமன்றத்தில் காட்டுவது? 2025 கோடையில் டெக்சாஸ் மறுபடி நடு வருடத்தில் வரைபடத்தைத் திறந்தது, குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடுதலாக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லி. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இந்த முறை இல்லினாய்ஸுக்கு ஓடினார்கள், இந்த முறையும் பலன் இல்லை. குறி வைத்ததெல்லாம் வேறு தொகுதிகள். 23 ஏற்கெனவே கையில் இருப்பதாக வரைந்தவர்களின் கணக்கு.

பாலைவனத்தின் பக்கத்துக் கணக்கு இன்னும் மோசமாகத்தான் போகிறது. பிரெசிடியோ கவுண்டியில் 2010இல் 7,800 பேர் இருந்தார்கள், 2020இல் 6,100 பேர். டெரல் கவுண்டி பத்து வருடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது, ஜெஃப் டேவிஸும் சுருங்கியது. மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையோ ஏறிக்கொண்டே இருப்பதால் ஒரு தொகுதிக்குத் தேவையான தலைகளும் கூடும். 2030 கணக்கெடுப்புக்குப் பிறகு கோடு போட உட்காருபவர்கள், இதே முட்புதர் வெளியை அப்படியே வைத்துக்கொண்டு, சான் அன்டோனியோ பக்கத்திலிருந்து இன்னும் சில புறநகர்களை வெட்டி எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்.